பால்பல்லின் நாட்கணக்கு

நம்மிடையே சரித்திரம் என்பது பெரும்பாலும் பெரியவர்களின் சரித்திரம். மெய்க்கீர்த்தியில் குழந்தைக்கு இடமில்லை. அரசன் அதில் தோன்றும்போதே வெற்றிகளோடு தோன்றுகிறான். மனித இனத்தின் ஆதி சரித்திரத்தையும் வெகுகாலம் இப்படித்தான் எழுதினார்கள். நிமிர்ந்து நடந்தவன், கல்லை உடைத்தவன், வேட்டையாடியவன் என்று வளர்ந்த ஆண்களின் ஒரு வரிசை. அவன் எத்தனை வருஷம் குழந்தையாக இருந்தான் என்ற கேள்வி பிந்தித்தான் வந்தது. அதற்கான பதில் பல்லில் இருந்தது.

மனிதக் குழந்தைக்கு முதல் நிலையான கடைவாய்ப்பல் ஏறத்தாழ ஆறு வயதில் முளைக்கிறது. சிம்பன்ஸிக்கு மூன்று, நான்கு வயதிலேயே முளைத்துவிடும். இந்தத் தாமதம் பிறரைச் சார்ந்திருக்கும் காலம். பார்த்துப் பழகும் காலம். பேச்சு கைகூடும் காலம். மனித குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தில் உருவானது. ஆகவே குழந்தைப் பருவம் எப்போது நீண்டது என்பது மொழியோடு உழல்கிற நமக்கும் ஒரு கேள்விதான்.

இந்தக் கேள்விக்கு ஒரு முறை இந்திய மண்ணிலிருந்து பதில் சொல்லப்பட்டது. 1932இல் இமயத்தின் அடிவாரமான சிவாலிக் குன்றுகளில், ஹரிதல்யாங்கர் அருகே, ஜி. எட்வர்ட் லூயிஸ் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் மேல்தாடைத் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். ஒரு பக்கம் மட்டும், அதில் சில பற்கள். 1934இல் அதற்கு ராமாபிதிகஸ் என்று பெயர் வைத்தார். சுக்ரீவபிதிகஸ் என்ற பெயரும் அவர் வைத்ததுதான், இதிகாசத்தை விட்டுவைக்கவில்லை. 1961இல் எல்வின் சைமன்ஸ் இந்தத் துண்டை மீண்டும் கையிலெடுத்து, மனித வம்சத்தின் தொடக்கம் இதுவே என்று வாதிட்டார். அடுத்தடுத்த கடைவாய்ப்பற்களின் தேய்மானத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. முதல் பல் தேய்ந்த பிறகு நெடுநாள் கழித்தே அடுத்தது முளைத்திருக்க வேண்டும். ஆகவே குழந்தைப் பருவம் நீண்டது. ஆகவே இது மனிதனின் முன்னோன். தர்க்கம் அழகானது. ஆனால் பல் தேய்வதற்கு உணவும் அதில் கலந்த மண்ணும் கூடக் காரணம். இல்லாத மறுபாதித் தாடையையும் மனித வடிவில் வளைத்து வரைந்து கொண்டார்கள்.

1967இல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்கக் குரங்குகளும் பிரிந்தது ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்றார்கள். ராமாபிதிகஸ் அதைவிட மிகப் பழையது. 1982இல் டேவிட் பில்பீம், பாகிஸ்தானின் போத்வார் பீடபூமியில் கிடைத்த சிவாபிதிகஸ் முகம் ஒன்றை வெளியிட்டார். அது ஒராங்ஊத்தானின் முகச் சாயலில் இருந்தது. ராமாபிதிகஸ் சிவாபிதிகஸுக்குள் கரைந்தது. முன்பு சைமன்ஸோடு சேர்ந்து வாதிட்ட பில்பீமே இதைச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. தன் பழைய கட்டுரையை இப்படிக் கைவிடுகிற விமர்சகன் நம்மிடையே அபூர்வம்.

வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு ஆண்டறிக்கைக்கும் பேரேட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஆண்டறிக்கை யாரையோ நம்பவைக்க எழுதப்படுவது. பேரேட்டில் அன்றைய வரவு அன்றே விழுகிறது. பல்லின் எனாமல் பேரேட்டு வகை. வளரும்போது ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய கோடு விழுகிறது. சுமார் எட்டு நாட்களுக்கு ஒரு முறை அழுத்தமான கோடு. பால்பல் கருவிலேயே உருவாகத் தொடங்குவதால் பிறப்பின் அதிர்ச்சியும் அதில் ஒரு கோடாகப் பதிகிறது. அந்தக் கோட்டிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.

எண்ணியபோது பல கதைகள் மாறின. 1924இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த டாங் குழந்தைக்குப் பால்பற்கள் முழுசாக இருந்தன. முதல் கடைவாய்ப்பல் அப்போதுதான் முளைத்துக் கொண்டிருந்தது. மனித அளவில் பார்த்து ஆறு வயது என்றார் ரேமண்ட் டார்ட். 1985இல் பிராமேஜும் டீனும் இந்த வகைப் புதைபடிவங்களின் எனாமல் கோடுகளை எண்ணி, இவர்களின் வளர்ச்சி குரங்குகளின் வேகத்தில் நடந்தது என்று காட்டினார்கள். டாங் குழந்தை மூன்று, நான்கு வயதில் இறந்திருக்கிறது. நிமிர்ந்து நடந்த பிறகும் குழந்தைப் பருவம் நீளவில்லை.

அதற்காக இதையும் ஒரே நேர்கோடாக ஆக்கிவிட முடியாது. ஜார்ஜியாவின் த்மானிசியில் கிடைத்த, 17.7 லட்சம் ஆண்டு பழைய ஓர் இளம்பிராயத்தவரின் பற்களைக் கதிர்வீச்சால் ஊடுருவிப் படித்து 2024இல் வெளியிட்டார்கள். சாகும்போது வயது சுமார் பதினொன்று. முதல் ஐந்து வருஷம் பின்பற்கள் மனிதனைப் போல மெதுவாக வளர்ந்தன. பிறகு குரங்கைப் போல விரைந்தன. பால்பற்களை நெடுநாள் வைத்திருந்திருக்கிறான், அல்லது வைத்திருந்திருக்கிறாள். மூளை பெருக்கும் முன்பே பிள்ளையைப் பெரியவர்கள் கூடுதல் காலம் தாங்கியிருக்கக் கூடும். வடகிழக்கு இத்தாலியில் கிடைத்த மூன்று நியாண்டர்தால் பால்பற்களோ, ஐந்தாறு மாதத்திலேயே தாய்ப்பாலோடு திட உணவு சேர்ந்ததைச் சொல்கின்றன. 2020இல் வெளியான செய்தி. நம் வீடுகளில் சோறூட்டும் மாதமும் ஏறத்தாழ அதுதான்.

நான் வசிக்கும் திருப்பனந்தாளில் விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். காவிரி வண்டலில் ஆதிமனிதனைத் தேடிப் பயனில்லை. இங்கே பழமை என்றால் கோயில் சுவரின் எழுத்து. வடக்கே போனால் அத்திரம்பாக்கம். அங்குள்ள கல்லாயுதங்கள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011இல் சாந்தி பப்பு குழுவினர் நிறுவினார்கள். விலங்குகளின் பற்கள் சில அங்கே கிடைத்திருக்கின்றன. அந்தக் கல்லைச் செதுக்கியவர்களின் பல் ஒன்றுகூட இல்லை. புதுச்சேரிக்கு வடக்கே, செம்புரைப் பாறைக்குள் குழந்தை மண்டையோடு கிடைத்ததாக பி. ராஜேந்திரன் அறிவித்தார், அது உலக நூல்களில் நிலைபெறவில்லை.

கல் இருக்கிறது, பல் இல்லை. இந்த வெற்றிடத்தில் முன்தோன்றிய மூத்தகுடியை நிறுத்திவிட நமக்குக் கை பரபரக்கும். அரைத் தாடைக்கு மறுபாதி வரைந்தவர்களின் பரபரப்பும் இதுதான். அத்திரம்பாக்கத்துக் கைகள் எந்த இனத்தின் கைகள், அவர்களின் பிள்ளைகள் எத்தனை வயதுவரை மடியில் இருந்தார்கள் என்பதைச் சொல்ல ஒரு பால்பல் வேண்டும். கிடைத்தால் அதில் குலமோ மொழியோ எழுதியிருக்காது. பிறந்த நாளும் பால் மறந்த மாதமும் இருக்கும். அதுவரை அந்தப் பக்கத்தைக் காலியாகவே விடுவது சரித்திரத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.