பிரேக் பேடு தேயுது, தூள் எங்கே போகுது?

"கார் பிரேக் பேடு எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?" அடிக்கடி வர்ற கேள்வி இது. பொதுவா 30 ஆயிரத்திலிருந்து 70 ஆயிரம் கிலோமீட்டர் வரை. சிக்னலுக்குச் சிக்னல் நின்னு போற வண்டின்னா சீக்கிரம் தேயும். ஹைவேயிலேயே ஓடுற வண்டின்னா இன்னும் தாங்கும். புதுசுல 10, 12 மில்லிமீட்டர் இருக்கிற உராய்வுப் படலம் 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டா மாத்திடணும்.

பதில் அவ்வளவுதான். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னால 130 வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கு.

1888 ஆகஸ்ட். ஜெர்மனியில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே அவர் உருவாக்கிய காரை எடுத்துக்கிட்டு, ரெண்டு பசங்களோட மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல. இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ஞ்சு போச்சு. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடிச்சு, கட்டை மேல தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங்கின் வரலாறு ஒரு செருப்புக் கடையில் தொடங்குதுன்னு சொல்லலாம்.

அடுத்து இங்கிலாந்து. 1897-இல் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதையே தொழிலா ஆரம்பிச்சார். குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸை பிரேக் கட்டையில் கட்டி ஓட்டுறதைப் பார்த்து வந்த யோசனைன்னு சொல்வாங்க. ஃபெரோடோ நிறுவனம் அவருடையதுதான். அவர் முதலில் பயன்படுத்திய துணிப் பட்டைகள் சூடு ஏறினா கருகிடும். அதனால 1908 வாக்கில் ஆஸ்பெஸ்டாஸுக்கு மாறினார்.

எஞ்சினியரா பார்த்தா ஆஸ்பெஸ்டாஸ் அருமையான பொருள். எரியாது, வலுவான நார், விலையும் கம்மி. பேடு நிறைய நாள் உழைச்சது. பல பத்தாண்டுகளுக்கு உலகத்துல ஓடுன கார்களில் பெரும்பாலானவை ஆஸ்பெஸ்டாஸை நம்பித்தான் நின்னுச்சு.

ஆனா தேய்றதுதானே பேடோட வேலை? தேய்ஞ்ச பொருள் மாயமாகிறதில்லை. காத்துல கலக்குது, சக்கரத்துக்குள்ள தங்குது, அதைத் திறக்கிறவர் மூச்சுல போகுது.

இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் நூற்பாலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா 1924-இல் இறந்தபோது வயது 33. மருத்துவ இதழில் பதிவான முதல் ஆஸ்பெஸ்டாஸ் மரணங்களில் அதுவும் ஒன்று. அதுக்கப்புறம் பிரிட்டன் முழுத் தடை கொண்டு வர 1999 ஆச்சு. 75 வருஷம்! அமெரிக்கா கிரிசோடைல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது 2024-இல். சரியா நூறு வருஷம். இந்தியாவில் இன்னும் முழுத் தடை இல்லை.

ஆஸ்பெஸ்டாஸ் போன இடத்துக்கு எஃகு நார், செராமிக், செம்பு எல்லாம் வந்துச்சு. செம்புத் தூள் மழைத் தண்ணியோட ஆத்துக்குப் போய், சால்மன் மீன்களின் மோப்ப சக்தியைக் கெடுக்குதுன்னு தெரிய வந்தது. கலிஃபோர்னியா 2010-இல் சட்டம் போட்டு, 2025-இலிருந்து புது பேடுகளில் செம்பு அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு ஆக்கிடுச்சு.

அப்போ "எவ்வளவு நாள் தாங்கும்" மட்டும் கேட்டா போதாது, "தேய்ஞ்சது யார் உடம்புக்குள்ள போகுது"ன்னும் கேட்கணும். எலெக்ட்ரிக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைச்சு பேட்டரிக்கு அனுப்புறதால பேடு குறைவாத்தான் தேயுது. அது நல்ல செய்தி.

அதுவரைக்கும் ஒரு விஷயம். பேடு மாத்தும்போது, "ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததா?"ன்னு கேட்டு வாங்குங்க. மெக்கானிக் அண்ணன் அந்தக் கறுப்புத் தூளை ஏர் அடிச்சு ஊதப் போனா, "வேணாம்ணே, நனைச்சுத் துடைச்சிடலாம்"னு சொல்லுங்க. நீங்க பேடு மாத்துறது ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. அவர் தினமும் அதுக்கு முன்னாடிதான் உட்கார்ந்திருக்கார்.