பெட்டிச் சாவி யாரிடம்? பச்சையப்பர் உயிலிலிருந்து குடும்ப டிரஸ்ட் கம்பெனி வரை



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று சொந்தத் தொழில் வைத்து நன்றாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாட்ஸப்பில் கேட்டார்: "டீச்சர், எங்க குடும்பச் சொத்தைப் பார்த்துக்கறதுக்குன்னே தனியா ஒரு டிரஸ்ட் கம்பெனி ஆரம்பிக்கலாம்னு சொல்றாங்க. அது என்ன விஷயம்?" நான் வக்கீல் இல்லை, ஆடிட்டரும் இல்லை. சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியை. அதனால் வரலாற்றிலிருந்து எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. டிரஸ்ட் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். சட்டத்தின் பெயர்தான் அவனுடையது. அந்த எண்ணம் நம் கோயில் சுவர்களிலேயே இருக்கிறது. நம் வேளச்சேரி தண்டீசுவரர் கோயிலில்கூடச் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அந்தக் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்றால் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். அவற்றுக்குப் பெயர் "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடுகள்! ஆடு எப்படிச் சாகாமல் இருக்கும்? கிழ ஆடு போனால் குட்டி வரும், மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதிலிருந்து வரும் நெய்யைத்தான் விளக்குக்குச் செலவிட வேண்டும். மூலதனத்தைத் தொடாதே, வருமானத்தை மட்டும் எடு என்பதை இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்?

அதோடு விடவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால், ஆட்டை வாங்கிய இடையருக்கு மற்றவர்கள் பிணை நின்றிருப்பது தெரியும். அவர் நெய் அளக்கத் தவறினால் இவர்கள் அளக்க வேண்டும். அதன் பிறகும் நம்பிக்கை போதாமல், "இது பன்மாஹேஸ்வர ரக்ஷை" என்று எழுதி, அடியார் கூட்டத்தின் காவலிலேயே அந்த அறத்தை வைத்தார்கள். கொடுத்தவர் ஒருவர், வைத்திருப்பவர் ஒருவர், கண்காணிப்பவர் இன்னொருவர். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதைப் பற்றித்தான்.

இப்போது சென்னைக்கு வருவோம்.

பச்சையப்ப முதலியார் 1754-இல் பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே தந்தை காலமாகிவிட்டார். வறுமையில் வளர்ந்து, சென்னையில் துபாஷியாகி, ஆங்கிலேய வணிகர்களுக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் நடுவில் நின்று பெரும் பொருள் ஈட்டினார். தஞ்சை அரசர் வரை கடன் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். 1794-இல் காலமானபோது அவருக்கு வயது 40 தான். இறப்பதற்குச் சில நாள் முன்பு உயில் எழுதினார். சிவன், திருமால் கோயில் வழிபாடுகளுக்கும், ஏழைகளுக்கு உதவவும், இன்னும் பல தர்மங்களுக்கும் சொத்தை ஒதுக்கினார். உயில் என்ற வழக்கமே நம் மக்களுக்கு அப்போது புதிது. இந்துக்களின் உயில்களுக்கென்று தனிச்சட்டம் வந்தது 1870-இல்தான்.

எழுதியவரின் எண்ணத்தில் குறை இல்லை. பணத்திலும் குறை இல்லை. ஆனாலும் என்ன நடந்தது? உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் சரியாக நிறைவேற்றவில்லை. உறவினர்களுக்குள் வழக்கு. 1801-இல் சென்னையில் சுப்ரீம் கோர்ட் ஏற்பட்ட பிறகு விவகாரம் அங்கே போனது. வழக்கு இழுத்த இழுப்பில் ஒரு தலைமுறையே போய்விட்டது. ஒரே ஒரு நல்லது, பணம் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டுக்கு வந்த பிறகு வட்டி சேர்ந்தது. உயிலில் சொன்ன தர்மங்களுக்கு ஒதுக்கியது போகப் பெரிய உபரி நின்றது.

அந்த உபரியை என்ன செய்வது? உயிலில் அதற்கு வழி சொல்லவில்லை. அப்போது அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியில், அதைக் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றம் ஏற்ற திட்டம் ஒன்று உருவானது. நிர்வாகத்துக்கு நகரத்து இந்துப் பிரமுகர்கள் அடங்கிய அறங்காவலர் குழு அமைந்தது. 1842-இல் பள்ளி திறந்தார்கள். உயில் எழுதி 48 ஆண்டுகள் கழித்து! உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கிரேக்கக் கோயில் மாதிரி தூண்களோடு நிற்கிறதே பச்சையப்பன் மண்டபம், அது 1850-இல் திறக்கப்பட்டது. 1889-இல் பள்ளி கல்லூரியானது. 1940-இல் கல்லூரி சேத்துப்பட்டுக்கு இடம் மாறியது. கணிதமேதை ராமானுஜன் அங்கே படித்தார், அறிஞர் அண்ணா அங்கே படித்தார். நமக்குப் பக்கத்தில் கிண்டியில் இருக்கும் செல்லம்மாள் மகளிர் கல்லூரியும் அதே அறக்கட்டளையின் கீழ்தான் நடக்கிறது. நம் பெண்கள் எத்தனை பேர் அங்கே பட்டம் வாங்கினார்கள்!

ஒன்றைக் கவனியுங்கள். பச்சையப்பரின் பணத்தைக் காப்பாற்றியது எது? நெருங்கியவர்கள் மேல் வைத்த நம்பிக்கை அதைக் காப்பாற்றவில்லை. கணக்குக் கேட்க உரிமையுள்ள வெளியாள் ஒருவர் வந்த பிறகுதான் அது காப்பாற்றப்பட்டது. அந்தக் காவலும் ஒருமுறை போட்டால் போதும் என்பதில்லை. சமீப ஆண்டுகளில்கூட நிர்வாகத் தகராறுகளால், ஓய்வுபெற்ற நீதிபதிகளை இடைக்கால நிர்வாகிகளாக உயர் நீதிமன்றம் நியமிக்க வேண்டியிருந்தது.

சரி, தனி மனிதர்களை நம்பினால்தான் இந்தத் தொல்லை, கம்பெனியை நம்பினால் போதுமே என்று கேட்பீர்கள். அதற்கும் சென்னையில் பாடம் இருக்கிறது. அர்பத்நாட் கம்பெனி பெரிய பெயர். அரசாங்கமே கவிழ்ந்தாலும் அது கவிழாது என்ற மாதிரி மக்கள் நம்பினார்கள். பென்ஷன்காரர்கள், விதவைகள், மிராசுதார்கள் எல்லோருடைய பணமும் அங்கே இருந்தது. 1906 அக்டோபரில் ஒரே நாளில் கதவை மூடிவிட்டது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் 18 மாதச் சிறைத்தண்டனை. அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் போன்றவர்கள் முயன்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். வாசலில் கம்பெனி என்று பலகை மாட்டியதாலேயே பணத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதை நம் ஊர் அன்றே பார்த்துவிட்டது.

இதற்கிடையில் 1882-இல் இந்திய டிரஸ்ட் சட்டம் வந்தது. தனியார், குடும்ப டிரஸ்டுகளுக்கு இன்றும் அதுதான் அடிப்படை. கோயில், தர்ம அறக்கட்டளைகள் அதில் வராது. அந்தச் சட்டம் சொல்வதை வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன்:

1. டிரஸ்டி அந்தச் சொத்தைத் தன் சொந்தச் சொத்தைப் போல, சாதாரண விவேகமுள்ள மனிதரின் அக்கறையோடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. அதைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

3. கணக்கு வைக்க வேண்டும். பயனாளி கேட்டால் காட்ட வேண்டும்.

4. தன் பொறுப்பை இஷ்டத்துக்கு இன்னொருவர் தலையில் கட்டிவிடக் கூடாது.

தர்ம டிரஸ்ட் என்றென்றும் நடக்கலாம். குடும்ப டிரஸ்டுக்கு அது கிடையாது. உயிரோடிருப்பவரின் ஆயுள், அதற்குப் பின் பிறக்கும் வாரிசு மேஜராகும் காலம், இவற்றைத் தாண்டிச் சொத்தைக் கட்டிப்போட நம் சட்டம் விடாது. ஏழு தலைமுறைக்கு நான் ஏற்பாடு செய்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது மாணவர் கேட்ட கேள்வி. குடும்பத்தில் டிரஸ்டியாகச் சித்தப்பா இருக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு வயதாகும், உடம்பு முடியாமல் போகும், இறந்தும் போவார். ஒவ்வொரு முறையும் புது டிரஸ்டி பெயருக்குச் சொத்தை மாற்ற வேண்டும். இதைத் தவிர்க்கப் பெரிய பணக்காரக் குடும்பங்கள் ஒரு வழி செய்கின்றன. தங்கள் குடும்ப டிரஸ்டுகளுக்கு டிரஸ்டியாக இருப்பதையே ஒரே வேலையாகக் கொண்டு ஒரு கம்பெனி ஆரம்பிப்பது. டைரக்டர்கள் வருவார்கள், போவார்கள், கம்பெனி நிற்கும். அதுவும் ஒருவகையில் சாவா மூவாப் பேராடுதான்! சிங்கப்பூரில் 2005-இல் வந்த டிரஸ்ட் கம்பெனிச் சட்டத்தில் இத்தகைய குடும்பக் கம்பெனிகளுக்கு உரிமம் வாங்குவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சரிபார்க்க, உரிமம் பெற்ற வேறொரு நிறுவனத்தை அமர்த்தியாக வேண்டும். பார்த்தீர்களா, அங்கேயும் ஒரு வெளியாளின் கண்.

கம்பெனி ஆரம்பிப்பது சுலபம். கடினமான கேள்விகள் அதன் பிறகுதான் வரும். அந்தக் கம்பெனியின் பங்குகள் யார் பெயரில் இருக்கும்? பங்கு யாரிடமோ அவர்தானே டைரக்டர்களை நியமிப்பார். டைரக்டர் குழுவில் குடும்பத்தைச் சேராதவர் எத்தனை பேர்? ஒரு பிள்ளையின் தொழிலுக்குப் பணம் கொடுக்கலாமா என்று பேசும்போது அந்தப் பிள்ளை எழுந்து வெளியே போவாரா? மருமகள், மகள், வெளிநாட்டில் இருக்கும் பேரன் எல்லோருக்கும் வருடாவருடம் கணக்கு போகுமா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முருகப்பா குழுமம் நம் ஊரின் மதிப்பு மிக்க தொழில் குடும்பம். மறைந்த எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலம், குடும்ப முதலீட்டுக் கம்பெனியான அம்பாடியின் போர்டில் தங்கள் கிளைக்கு ஓர் இடம் கேட்டார். 2020-இல் நடந்த வாக்கெடுப்பில் அது நிராகரிக்கப்பட்டது. பின்னர் 2023-இல் குடும்பத்துக்குள் சமரச உடன்பாடு ஏற்பட்டதாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் 1989-லிருந்தே மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை வந்துவிட்டது. சொத்தில் பங்கு உண்டு, ஆனால் முடிவெடுக்கும் மேஜையில் நாற்காலி உண்டா என்பது வேறு கேள்வி. இன்றைய குடும்பங்களில் சண்டை அந்த நாற்காலிக்குத்தான்.

டி.வி.எஸ். குடும்பம் வேறொரு வழியைக் காட்டியது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய தொழில், நான்கு மகன்களின் கிளைகளாக வளர்ந்தது. எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக ஒரு தலைமைக் கம்பெனி இருந்தது. 2020-இல் குடும்ப ஒப்பந்தம் எழுதி, யார் எந்தத் தொழிலை நடத்துகிறார்களோ அவர்களிடமே அதன் உரிமையும் சேரும்படி, 2022-இல் சட்டப்படி பிரித்துக்கொண்டார்கள். சேர்ந்திருப்பது மட்டும்தான் வெற்றி என்பதில்லை. நேரம் வரும்போது கௌரவமாகப் பிரிவதற்கும் வழி வைத்திருப்பது நல்ல ஏற்பாடு.

நம்மில் பெரும்பாலோருக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. ஆனால் வேளச்சேரியில் நிலத்தின் விலை எங்கே போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2007-இல் பறக்கும் ரயில் இங்கே வந்த பிறகு, ஒரு கிரவுண்டு வைத்திருந்தவர்களும் சொத்துக்காரர்கள் ஆனார்கள். பாகப்பிரிவினையில் முகம் திருப்பிக்கொண்ட அண்ணன் தம்பிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே நமக்குப் பொருந்துவது இதுதான்: உடம்பில் தெம்பு இருக்கும்போதே உயில் எழுதுங்கள். பச்சையப்பரைப் போலக் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். நிறைவேற்றுபவராக ஒருவரை மட்டும் போடாமல், அவருக்கு ஏதாவது ஆனால் யார் என்பதையும் எழுதுங்கள். எதிர்பாராமல் மிஞ்சுவது யாருக்கு என்று ஒரு வரி சேருங்கள். கம்பெனிப் பங்குகளில் நாமினி போட்டுவிட்டதால் அவர் உரிமையாளராகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியதை வீட்டில் எல்லோருக்கும், பெண் பிள்ளைகள் உட்பட, சொல்லிவிடுங்கள்.

என் மாணவருக்கும் இதையேதான் சொன்னேன். கம்பெனி ஆரம்பி, தவறில்லை. உன் குடும்பத்தில் யாருக்கும் கடமைப்படாத ஒருவரிடம் கணக்குப் புத்தகத்தைக் காட்டத் தயாரா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள். தயார் என்றால் அந்தக் கம்பெனி நிற்கும். தயார் இல்லை என்றால் எந்த ஊரில் பதிவு செய்தாலும் நிற்காது.

உங்கள் வீடுகளில் இப்படி நல்லபடியாக நடந்த ஏற்பாடு ஏதாவது இருந்தால், பெயர் போடாமல் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வேளச்சேரி