முருகனார்

முருகனார் (1890 - ஆகஸ்ட் 28, 1973) தமிழாசிரியரும், தமிழறிஞரும், அத்துவித மெய்ஞ்ஞானக் கவிஞரும் ஆவார். திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷியின் முதன்மையான அடியவர்களுள் ஒருவர். ரமணரைப் போற்றியும் அவருடைய உபதேசங்களைப் பதிவு செய்தும் பல்லாயிரம் பாடல்கள் இயற்றியுள்ளார். ரமண சந்நிதிமுறை, குருவாசகக் கோவை ஆகியவை இவருடைய முக்கியமான ஆக்கங்கள். ரமணரின் சிறந்த தத்துவ நூல்களாகக் கருதப்படும் உபதேச உந்தியார், உள்ளது நாற்பது ஆகிய இரண்டும் தோன்றுவதற்கு இவருடைய வேண்டுகோளே காரணமாக அமைந்தது.

பெயர்

இவருடைய இயற்பெயர் சுப்பிரமணியன் என்பதாகும். தந்தையார் பெயர் கிருஷ்ண ஐயர். தூய தமிழில் கொண்ட பற்றினால் தம் பெயரைத் தமிழாக்கி "முகவைக் கண்ண முருகனார்" என்று அமைத்துக் கொண்டார். முகவை என்பது இராமநாதபுரத்தைக் குறிக்கும் பழைய வழக்கு. கண்ணன் என்பது கிருஷ்ணன் என்ற தந்தை பெயரின் தமிழ் வடிவம். முருகன் என்பது சுப்பிரமணியன் என்ற பெயருக்கு ஈடானது. ஊர், தந்தை, தன் பெயர் மூன்றும் இதில் அடங்கியுள்ளன.

இளமையும் ஆசிரியப் பணியும்

முருகனார் 1890 ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் பிறந்தார். சேதுபதி மன்னர்களின் ஆதரவில் தமிழ்ப் புலவர்கள் பலர் வாழ்ந்த ஊர் அது. அத்தகைய சூழலில் வளர்ந்த இவர், சங்க இலக்கியம், இலக்கணம், சைவத் திருமுறைகள் ஆகியவற்றில் ஆழ்ந்த பயிற்சி பெற்றார். பின்னர் சென்னையில் கிறித்தவ மிசன் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணியிலும் பங்கு கொண்டார். இவ்வகராதி 1924 முதல் 1936 வரையான காலப்பகுதியில் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது.

காந்தியடிகளின் கொள்கைகளில் பற்றுக் கொண்டிருந்த முருகனார் கதர் உடுத்தினார். விடுதலை இயக்கத்தை ஆதரித்து நாட்டுப் பாடல்களும் இயற்றினார். ரமணரைச் சந்திப்பதற்கு முன்பே கவிஞராகவும் புலவராகவும் அறியப்பட்டிருந்தார்.

ரமணரைச் சந்தித்தல்

முருகனாருக்கு ரமணரைப் பற்றி அறியத் தந்தவர் அவருடைய மாமனாரான தண்டபாணி சுவாமி ஆவார். ரமணர் அருணாசலத்தின் மீது பாடிய அட்சர மணமாலையை அவர் மூலம் பெற்றுப் படித்த முருகனார், அதை இயற்றியவரை நேரில் காண விரும்பினார். 1923 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் திருவண்ணாமலைக்குச் சென்றார்.

ரமணர் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில்தான் மலை மேலிருந்த கந்தாசிரமத்தை விட்டு, மலையடிவாரத்தில் தம் தாயார் அழகம்மாளின் சமாதி இருந்த இடத்திற்கு வந்திருந்தார். இன்றைய ரமணாசிரமம் அப்பொழுது ஓலைக் குடிசை அளவிலேயே இருந்தது.

பெரியோரைக் காண வெறுங்கையுடன் செல்லலாகாது என்ற மரபுப்படி, முருகனார் அண்ணாமலையார் கோயிலில் இருந்தபோது ரமணரைக் குருவாகப் போற்றும் பதிகம் ஒன்றை இயற்றினார். இது தேசிகப் பதிகம் எனப்படுகிறது. ரமணர் முன்னிலையில் அதைப் படிக்கத் தொடங்கியபோது கண்ணீர் பெருகியதால் முருகனாரால் தொடர இயலவில்லை. ரமணர் அத்தாளைத் தம் கையில் வாங்கித் தாமே படித்தார் என்று அடியவர்கள் பதிவு செய்துள்ளனர். கயிலையை நீங்கி வந்த சிவனாகவே ரமணரைக் காணும் இப்பதிகத்தின் நோக்கு, முருகனாரின் பிற்காலப் பாடல்கள் எல்லாவற்றிலும் தொடர்கிறது.

பணி துறத்தல்

முதல் சந்திப்பிற்குப் பின் முருகனார் சென்னைக்குத் திரும்பி ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார். விடுமுறைகளில் திருவண்ணாமலைக்கு வந்து சென்றார். 1926 ஆம் ஆண்டில் தாயார் மறைந்த பின், பணியையும் இல்லற வாழ்வையும் துறந்து திருவண்ணாமலையிலேயே தங்கிவிட்டார். ஆசிரமத்தை அடுத்த பலாக்கொத்து என்னும் தோப்பில் பிற சாதுக்களுடன் எளிய குடிலில் வாழ்ந்தார். பிச்சை உணவே அவருக்கு ஆதாரமாக இருந்தது.

அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தாறு. பேரகராதியின் தொகுதிகள் அச்சாகி வந்துகொண்டிருந்த காலம் அது. புலமை உலகில் கிடைக்கக் கூடிய பெயரையும் நிலையான ஊதியத்தையும் அவர் ஒருசேர விட்டார். ஆயினும் தமிழை விடவில்லை. அதன் பின் அவருடைய பாடல்கள் அனைத்தும் ரமணரையும் அவருடைய உபதேசத்தையும் மட்டுமே பொருளாகக் கொண்டன.

ரமணரின் நூல்களில் முருகனாரின் பங்கு

ரமணர் தாமாக நூல் எழுதும் வழக்கம் இல்லாதவர். அடியவர்கள் கேட்டபோதே பெரும்பாலும் எழுதினார். முருகனார் பாடலின் ஒரு பகுதியைத் தாம் இயற்றி, எஞ்சியதை ரமணரே நிறைவு செய்யுமாறு வேண்டினார். தத்துவ நூல்கள் சில இவ்வாறே தோன்றின.

ஆன்ம வித்தை: கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் ஒன்று தன்னையறிதல் மிகக் கடினம் என்று கூறுகிறது. அதே மெட்டில், தன்னையறிதல் மிக எளிது என்று பொருள்பட முருகனார் பல்லவியும் அனுபல்லவியும் இயற்றினார். சரணங்களை ரமணர் 1927 ஆம் ஆண்டு எழுதி முடித்தார்.

உபதேச உந்தியார்: மாணிக்கவாசகரின் திருவுந்தியாரைப் பின்பற்றி, சிவனுடைய திருவிளையாடல்களை முருகனார் பாடி வந்தார். தாருகாவனத்து முனிவர்களின் கதையை அவர் பாடிவந்தபோது, சிவன் அம்முனிவர்களுக்குச் செய்த உபதேசத்தைக் கூற வேண்டிய இடம் வந்தது. அதைக் கூறத் தகுந்தவர் ரமணரே என்று கருதிய முருகனார், அப்பகுதியை இயற்றித் தருமாறு வேண்டினார். ரமணர் 1927 ஆம் ஆண்டு முப்பது பாடல்கள் இயற்றினார். கர்மம், பக்தி, யோகம், ஞானம் ஆகிய நெறிகளின் தொடர்பை இவை சுருங்கக் கூறுகின்றன. இதைத் தெலுங்கிலும், சமஸ்கிருதத்திலும், மலையாளத்திலும் ரமணரே ஆக்கினார். சமஸ்கிருத வடிவம் உபதேச சாரம் எனப்படுகிறது.

உள்ளது நாற்பது: ரமணர் பல்வேறு வேளைகளில் எழுதிய தனிப் பாடல்களை முருகனார் திரட்டி வைத்திருந்தார். உள்பொருளின் இயல்பையும் அதை அடையும் வழியையும் கூறும் நூலாக அவற்றை விரிவாக்கித் தருமாறு 1928 ஆம் ஆண்டு ஜூலை மாதம் வேண்டினார். ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 11 வரையான மூன்று வாரங்களில் ரமணர் புதிய வெண்பாக்களை இயற்றினார். முன்னர் இருந்த பாடல்களில் மிகச் சிலவே நூலில் இடம்பெற்றன. ஏனையவை உள்ளது நாற்பது அனுபந்தம் என்னும் துணை நூலுக்கு அடிப்படையாயின. பாடல்களை வரிசைப்படுத்தியதில் முருகனாருக்குப் பங்கு உண்டு. நூலின் பாயிரமும் அவர் இயற்றியதே. காவியகண்ட கணபதி முனிவர் இந்நூலைச் சத்தரிசனம் என்ற பெயரில் சமஸ்கிருதமாக்கினார்.

ரமண சந்நிதிமுறை

ரமண சந்நிதிமுறை 1933 ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்தது. இது திருவாசகத்தை முன்மாதிரியாகக் கொண்ட துதி நூலாகும். முருகனார் தொடக்கத்தில் திருவெம்பாவை அமைப்பில் ரமணர் மீது பாடினார். அதைக் கண்ட ரமணர், மாணிக்கவாசகரைப் போலப் பாடலாமே என்று கூறியதாகவும், தம்மை மாணிக்கவாசகருடன் ஒப்பிடக் கேட்டு முருகனார் திகைத்ததாகவும் அடியவர்கள் குறிப்பிடுகின்றனர். பின்னர் திருவாசகத்தின் பல்வேறு பாடல் வகைகளிலும் அவர் இயற்றியவை ஒரு பெருநூலாயின. இந்நூல் திருவாசகத்திற்கு இணையானது என்று ரமணரே மதிப்பிட்டதாகவும் கூறப்படுகிறது.

திருவாசகத்தில் பாடப்படுபவன் கண்ணுக்குப் புலனாகாத இறைவன். சந்நிதிமுறையில் பாடப்படுபவர் எதிரே அமர்ந்திருக்கும் குரு. பக்தியின் மொழியில் தொடங்கி, பாடுபவனும் பாடப்படுபவனும் வேறல்லர் என்ற அத்துவித நிலையில் முடிவது இப்பாடல்களின் பொதுவான போக்காகும்.

குருவாசகக் கோவை

ரமணர் அடியவர்களின் வினாக்களுக்கு வாய்மொழியாகக் கூறிய விடைகளை வெண்பாக்களாகப் பதிவு செய்த நூல் குருவாசகக் கோவை ஆகும். முதற்பதிப்பு 1939 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கான பாடல்களைப் பொருள்வாரியாக ஒழுங்கு செய்தவர் சாது நடனானந்தர். பின்னர் விரிவாக்கப்பட்ட நூலில் முருகனாரின் பாடல்கள் 1254 உள்ளன. இவற்றுடன் ரமணர் இயற்றிய 28 பாடல்களும் சேர்ந்துள்ளன. மெய்ப்பொருள் ஆராய்ச்சி, அதற்குரிய பயிற்சி, அதன் அனுபவம் என்ற முறையில் நூல் மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது.

ஒருவர் வாய்மொழியாகக் கூறியதை மற்றொருவர் செய்யுளாக்கும்போது, அதில் எவ்வளவு கூறியவருடையது, எவ்வளவு பாடியவருடையது என்ற கேள்வி எழுவது இயல்பு. இந்நூலைப் பொறுத்தவரை அதற்கு விடை நூல் உருவான முறையிலேயே உள்ளது. முருகனார் தம் பாடல்களை ரமணரிடம் காட்டினார். ரமணர் அவற்றைப் படித்துத் திருத்தினார். சில இடங்களில் முருகனார் பாடலில் கூறிய கருத்தையே தாம் மேலும் சுருக்கமாக வேறொரு பாடலாக எழுதினார். ரமணரின் 28 பாடல்களுள் சில இவ்வாறு தோன்றியவை. ஆகவே ரமணர் எழுதிய நூல்களை அடுத்து, அவருடைய உபதேசத்திற்கு நம்பத்தகுந்த சான்றாக இந்நூலை அடியவர்கள் கொள்கின்றனர்.

ரமணரின் உரையாடல்களை ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் உரைநடையாகக் குறித்து வைத்தவர்கள் உண்டு. அவற்றில் வினா எழுப்பியவர், நாள், சூழல் ஆகியவை காணப்படும். குருவாசகக் கோவையில் அவை இல்லை. கூறப்பட்ட கருத்து மட்டும் நான்கடியில் எஞ்சும். ஆனால் ரமணர் பேசிய மொழியாகிய தமிழிலேயே, அவர் பார்வைக்கு உட்பட்டு அமைந்தது இதன் சிறப்பாகும்.

நடை

முருகனார் பெரிதும் கையாண்ட யாப்பு வெண்பா ஆகும். தளை தட்டாமல் எழுத வேண்டிய இவ்வகைப் பாவில் ஒரு சீரை மாற்றினாலும் ஓசை கெடும். எனவே மனப்பாடம் செய்வதற்கும், சொல் மாறாமல் காப்பதற்கும் இது ஏற்றது. அதே வேளையில், முருகனாரின் அருஞ்சொற்களும் செறிந்த தொடர்களும் இலக்கணப் பயிற்சி இல்லாதவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. பேரகராதிப் பணியில் ஈடுபட்ட புலவரின் சொல்வளம் பாடல்களில் நன்கு வெளிப்படுகிறது. மிக எளிது என்று அவர் பாடிய தன்னையறிதலைக் கூறும் பாடல்களுக்கே உரை தேவைப்பட்டது. ரமண அன்பர்களுக்கு வெளியே, தமிழ் இலக்கிய வாசகர்களிடையே முருகனார் அதிகம் அறியப்படாமைக்கு இந்நடை ஒரு காரணம் எனலாம்.

பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும்

முருகனாரின் பிற்காலப் பாடல்கள் பல கையெழுத்துப் படிகளாகவே இருந்தன. அவற்றைக் காத்துத் தொகுத்தவர் சாது ஓம். இவரும் தமிழ்க் கவிஞர். 1946 ஆம் ஆண்டு ரமணரிடம் வந்தார். ரமணர் மறைந்த பின் முருகனாருடன் நெருங்கிப் பழகி, குருவாசகக் கோவைக்கு உரைநடை விளக்கம் எழுதினார். முருகனாரின் மறைவிற்குப் பின், அச்சேறாத பாடல்கள் ரமண ஞான போதம் என்ற தலைப்பில் ஒன்பது தொகுதிகளாகத் தொகுக்கப்பட்டன. இவற்றைப் புதுதில்லி ரமண கேந்திரம் வெளியிட்டது.

மகாத்மா காந்தியின் எழுத்துக்களின் ஆங்கிலத் தொகுப்பிற்கு முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த பேராசிரியர் கே. சுவாமிநாதன், குருவாசகக் கோவையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சாது ஓம், மைக்கேல் ஜேம்ஸ் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. டேவிட் காட்மன், டி. வி. வெங்கடசுப்பிரமணியன், ராபர்ட் பட்லர் ஆகியோர் இணைந்து செய்த மொழிபெயர்ப்புகள் 2000களில் வெளிவந்தன. இவற்றின் வழியாக முருகனார் தமிழறியாத வாசகர்களிடையேயும் அறிமுகமானார்.

மறைவு

ரமணர் ஏப்ரல் 14, 1950 அன்று மறைந்தார். அதன் பின்னும் முருகனார் திருவண்ணாமலையை விட்டு நீங்கவில்லை. குரு உடலோடு இருந்தபோது பாடியதைப் போன்றே தொடர்ந்து பாடி வந்தார். இறுதி ஆண்டுகளில் ரமணாசிரமத்தில் தங்கியிருந்தார். ஆகஸ்ட் 28, 1973 அன்று அங்கேயே காலமானார். அவருடைய சமாதி ஆசிரம வளாகத்தினுள் அமைந்துள்ளது.

நூல்கள்

ரமண சந்நிதிமுறை
குருவாசகக் கோவை
ரமண தேவமாலை
ரமண சரணப் பல்லாண்டு
ரமணானுபூதி
ரமண ஞான போதம் (ஒன்பது தொகுதிகள், மறைவிற்குப் பின் வெளிவந்தவை)