விற்கப்பட்ட ஆட்டங்கள்

பாலாற்றங்கரையின் தோல் தொழிலைப் பற்றி எங்கிருந்து பேசத் தொடங்கினாலும் நாம் வந்து நிற்கும் ஆண்டு 1996. அவ்வாண்டு ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போயிற்று என்றும் அத்தீர்ப்பு பதிவு செய்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக வேரூன்றியது அதன் மூலமே. தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று தோலைப் புரட்டும் தொழிலாளியை நீதிமன்றம் பொறுப்பாளியாக்கவில்லை. ஆலையின் உரிமையாளரிடமே கணக்குக் கேட்டது.

இதே அளவுகோலை விளையாட்டின் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆட்டம் விலைபோகும்போது அதன் மாசுக்கு யார் ஈடு தருகிறார்கள்? தொட்டியருகே நின்றவரா, ஆலையை நடத்தியவரா?

முன்பே விலைபேசப்பட்ட ஆட்டம் நமக்குப் புதிதல்ல. சகுனியின் பகடை உருண்ட சபையில் தருமன் ஆடியது ஆட்டமே அல்ல. முடிவு அவன் அமர்வதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஆனால் சூதாட்டமும் விலைபோதலும் ஒன்றல்ல. சூதாடுபவன் முடிவு தெரியாமல் பணம் வைக்கிறான். விலைபோன ஆட்டக்காரனோ முடிவைத் தெரிந்தே விற்கிறான். நம் ஊர்களில் ஞாயிறுதோறும் நடக்கும் ‘பெட் மேட்ச்’களில் இரு அணிகளும் காசு போட்டு, வென்றவர் எடுத்துக்கொள்வர். அங்கே வெல்லத்தான் பணம். தோற்பதற்குப் பணம் என்று வரும்போதுதான் ஆட்டம் அழுகத் தொடங்குகிறது.

இந்த அழுகல் எப்படிப் பரவும் என்பதைத் தெளிவாகக் காட்டுவது அமெரிக்காவின் பேஸ்பால். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று அதனைச் சொல்லலாம். 1865 செப்டம்பரில் நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணி புரூக்ளின் எக்ஃபோர்டுடன் மோதியபோது, வில்லியம் வான்ஸ்லி என்ற ஆட்டக்காரர் ஒரு சூதாடியிடம் 100 டாலர் பெற்று, அதில் ஒரு பங்கை மேலும் இரு சக ஆட்டக்காரர்களுக்குத் தந்தார். மூவரும் விலக்கப்பட்டனர். ஆனால் 1870க்குள் மூவருமே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். குற்றத்தின் விலை ஐந்தாண்டு கூட நீடிக்கவில்லை.

அடுத்த நிகழ்வு கடுமையானது. 1876இல் தொடங்கிய நேஷனல் லீக்கின் இரண்டாம் ஆண்டிலேயே, முன்னணியில் இருந்த லூயிவில் கிரேஸ் அணி திடீரெனத் தோற்கத் தொடங்கியது. நிர்வாகம் ஆட்டக்காரர்களின் தந்திகளைத் திறந்து படித்தது. விற்ற ஆட்டத்திற்குக் குறியாக ‘இடைக்கச்சை’ எனப் பொருள்படும் ஒரு சொல்லைத் தந்தியில் சேர்ப்பதாக ஏற்பாடு. ஜிம் டெவ்லின், ஜார்ஜ் ஹால், ஆல் நிக்கோல்ஸ் ஆகியோர் ஆயுள் முழுவதும் விலக்கப்பட்டனர். நான்காமவரான பில் கிரேவர்மீது ஆட்டத்தை விற்றதற்கான சான்று கிட்டவில்லை. தம் தந்திகளைக் காட்ட மறுத்ததே அவரை விலக்கப் போதுமான காரணமாயிற்று. லீக்கின் சிறந்த பந்து வீச்சாளர்களில் ஒருவரான டெவ்லின், திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி லீக் தலைவர் ஹல்பர்ட்டிடம் ஆண்டுக்கணக்கில் மன்றாடினார். பலனில்லை. ஃபிலடெல்ஃபியாவில் காவலராக வேலை பார்த்து 1883இல் இறந்தார்.

எல்லாருக்கும் தெரிந்தது 1919. உலகத் தொடரில் சிகாகோ வைட் சாக்ஸ், சின்சினாட்டியிடம் 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. முதல் ஆட்டத்தில் எடி சிகாட் எதிரணியின் முதல் மட்டையாளரைப் பந்தால் அடித்தார். பேரம் படிந்துவிட்டது என்பதற்கான சைகை அது. எட்டுப் பேர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. ஜோ ஜாக்சன் 5,000 டாலர் பெற்றார். பக் வீவர் ஒரு காசும் வாங்கவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தார். 1921 ஆகஸ்ட் 2 அன்று சிகாகோ நடுவர் குழு அவர்களைக் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. மறுநாளே பேஸ்பாலின் புதிய ஆணையர், நீதிபதியாகவும் இருந்த கெனசா மவுண்டன் லாண்டிஸ், நீதிமன்றம் என்ன சொன்னாலும் அவர்கள் இனி ஆட முடியாது என்று அறிவித்து எட்டுப் பேரையும் விலக்கினார்.

உரிமையாளர் சார்லஸ் கோமிஸ்கியின் கஞ்சத்தனமே இதற்குக் காரணம் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை. அவ்வணியின் சம்பளப் பட்டியல் லீக்கிலேயே உயர்ந்தவற்றுள் ஒன்று எனப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டிவிட்டனர். எனினும் ஓர் உண்மை மாறவில்லை. ஆட்டக்காரர் தம் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாதபடி ஒப்பந்த விதி கட்டி வைத்திருந்தது. அந்த விதியை எழுதியவர்களும், ஹால் சேஸ் போன்ற ஆட்டக்காரர்மீது வந்த புகார்களைப் பல ஆண்டுகள் கண்டும் காணாமலும் இருந்தவர்களும் எவ்விலையும் தரவில்லை. எட்டு ஆட்டக்காரர்களோடு கணக்கு முடிந்தது. இறந்துபோனவர்களின் பெயர்கள் விலக்கப்பட்டோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 2025 மே மாதத்தில்தான்.

இனி நம் பக்கம் வருவோம். 2000 ஏப்ரல் 7 அன்று தில்லிக் காவல்துறை, தென்னாப்பிரிக்கத் தலைவர் ஹான்சி குரோனியேவின் தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்டதாக அறிவித்தது. கிங் விசாரணைக் குழுவின்முன் குரோனியே ஒப்புக்கொண்டவற்றுள் தோல் நாட்டினராகிய நமக்கு உறுத்தும் விவரம் ஒன்று உண்டு. அவ்வாண்டு ஜனவரியில் செஞ்சூரியன் டெஸ்டில், மழையில் மூன்று நாள் போன பிறகு, இரு அணிகளும் ஓர் இன்னிங்ஸை விட்டுக்கொடுத்து முடிவு காண ஏற்பாடு செய்ததற்காக அவர் பெற்றவை கொஞ்சம் பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும். ஒரு நாட்டுத் தலைவரின் பெயர் அந்த அளவுக்கு மலிவாக இருந்தது.

அதைவிடக் கனமான விவரம் நாக்பூரில் நடந்தது. தலைவர் தம் வலையில் இழுத்தவர்கள் ஹெர்ஷல் கிப்ஸும் ஹென்றி வில்லியம்ஸும். நிறவெறி ஆட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆன நாட்டில், வெள்ளையரல்லாத இளைஞர்கள் அவர்கள். 15,000 டாலருக்கு, 20 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழக்க ஒப்புக்கொண்ட கிப்ஸ், களத்தில் 74 ஓட்டங்கள் எடுத்தார். வாக்குக் கொடுத்த வாயைக் கை மறுத்துவிட்டது! இருவருக்கும் ஆறுமாதத் தடை, குரோனியேவுக்கு ஆயுள் தடை.

இந்தியாவில் அசாருதீனுக்கு 2000 டிசம்பரில் வாரியம் ஆயுள் தடை விதித்தது. 99 டெஸ்டுகளோடு அவர் ஆட்டம் நின்றது. 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அத்தடை சட்டப்படி நிற்காது என்றது. 2013 மே 16 அன்று ஸ்ரீசாந்த் உள்ளிட்ட மூன்று ராஜஸ்தான் ராயல்ஸ் ஆட்டக்காரர்கள் கைதாயினர். இடுப்பில் துண்டைச் செருகிக்கொள்வதே சைகை என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. லூயிவில்லின் இடைக்கச்சைக்கும் இத்துண்டுக்கும் இடையில் 136 ஆண்டுகள். 2015 ஜூலையில் தில்லி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. வாரியமோ தடையை விலக்கவில்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே ஸ்ரீசாந்தின் ஆயுள் தடை ஏழாண்டாகக் குறைந்தது. சிகாகோவில் நடந்த அதே நாடகம் தில்லியிலும் அரங்கேறியது. சட்டம் விடுவிக்க, சங்கம் விலக்குகிறது.

ஆனால் இங்கே சிகாகோவில் நடக்காத ஒன்றும் நடந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் குருநாத் மெய்யப்பன்மீது பந்தயம் கட்டியதாக வந்த குற்றச்சாட்டை முத்கல் குழு விசாரித்தது. வாரியப் பொறுப்பில் இருப்பவரே அணி உரிமையாளராகவும் இருக்க வழிவிட்ட 2008ஆம் ஆண்டு விதித் திருத்தத்தை, 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அவ்வாண்டு ஜூலை 14 அன்று லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமையாளர் நிறுவனங்களை ஈராண்டு விலக்கியது. சேப்பாக்கத்து ரசிகர்களுக்கு அது துயர நாள். ‘ஆடியவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?’ என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. தோல் ஆலைகளை மூடச் சொன்ன நாட்களில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தொழிலாளர் கேட்டதும் இதே கேள்விதான். ஆயினும் ஆலையை நடத்துபவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கை விளையாட்டில் செயல்பட்ட அரிய தருணம் அது என்றே நாம் கருதுகிறோம்.

அக்கொள்கை நிலைத்துவிட்டதா? 2018இல் சட்ட ஆணையம், ஆட்டத்தை விற்பதைத் தனிக் குற்றமாக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2020 ஐபிஎல் தொடரோ பணம் கட்டி ஆடும் செயலி ஒன்றின் பெயரைத் தலையில் சூடிக்கொண்டது. பின்னர் இந்திய அணியின் சட்டையிலும் அப்பெயரே இருந்தது. இத்தகைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்த பிறகே அது அகன்றது. அமெரிக்காவில் 2018க்குப் பின் பல மாநிலங்களில் பந்தயம் சட்டபூர்வமாகி, லாண்டிஸ் காவல் காத்த லீக்கே பந்தய நிறுவனங்களோடு கைகோத்திருக்கிறது. கடையை விரித்து வைத்துவிட்டு, வாங்கியவனை மட்டும் தண்டிப்பது எவ்வகை நீதி?

ஆட்டத்தை விற்றவனுக்காக நாம் வாதாடவில்லை. கண்ணெதிரே ஏமாற்றப்பட்ட பார்வையாளனுக்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் டெவ்லினை விலக்கிய அதே கறாருடன் மேலே இருப்பவரையும் கேட்காதவரை, விளையாட்டு தூய்மையானது என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. பாலாற்று வழக்கின் தொடர்ச்சியில் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. கொள்கையை எழுத ஒருநாள் போதும், ஆறு தெளிய அது போதாது.