வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். மின்சாரக் கார். ஓட்டியவன் என் மைத்துனன். முதல் நாள் இரவு விடுதியில் காருக்குக் கம்பியை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன், காலையில் பாட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்ததைக் கண்டு பரம சந்தோஷம் அடைந்தான். முதல் கொண்டை ஊசி வளைவு வந்தபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஊருக்குள் ஓட்டும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே தயங்கி நிற்கிற வண்டி, இங்கே அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. அவன் அவசரமாகக் கால் பிரேக்கைத் தேடி மிதித்தான். முன்னால் போன காய்கறி லாரிக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி இருந்தால் அதிகம்.

"பிரேக் போய்விட்டதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"பிரேக் இருக்கிறது, அத்தான். பாட்டரி நிரம்பிவிட்டது. இனிமேல் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது" என்று சொல்லி, எதிரே எரிந்த சிறிய விளக்கைக் காட்டினான்.

வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறதாமே! அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்தவன் நான். அங்கே படித்த பௌதிகத்தில் மிச்சம் சொற்பம். ஆனாலும் ஊர் திரும்பியதும் இந்தச் சமாசாரத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன்.

அடிப்படை எளிமையானது. மோட்டாரும் டைனமோவும் ஒரே உடம்பு. மின்சாரம் கொடுத்தால் அது சுற்றும். அதைச் சுற்றினால் மின்சாரம் கொடுக்கும். கொடுக்கும்போது சக்கரத்தைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்புதான் பிரேக். சாதாரண பிரேக், வண்டியின் வேகத்தையெல்லாம் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. ஒன்றரை டன் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நின்றால் வீணாகும் சக்தி, பத்து வாட் விளக்கு ஒன்றை ஏறக்குறைய ஆறு மணி நேரம் எரிக்கப் போதும். 'ரீஜெனரேட்டிவ் பிரேக்' என்பது அதைத் திருப்பி எடுக்கிற ஏற்பாடு. நாம் மீட்பு பிரேக் என்று வைத்துக்கொள்வோம்.

இது நேற்றுப் பிறந்த குழந்தை என்றுதான் நான் நினைத்திருந்தேன். 1890களிலேயே பாரிஸ் நகரத்தில் லூயி கிரீஜர் என்பவர், குதிரை வண்டிகளிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு முன் சக்கரங்களில் மோட்டாரைப் பொருத்தினார். அந்த வண்டிகளிலேயே மீட்பு பிரேக் இருந்தது.

ஆனால் கதை சூடு பிடிப்பது இங்கிலாந்தில். ஜான் ராவொர்த் என்ற எஞ்சினியர் 1903 முதல் இதை டிராம் கம்பெனிகளுக்கு எடுத்துச் சென்றார். டெவன்போர்ட், பர்மிங்ஹாம், லங்காஷயரில் உள்ள ராட்டன்ஸ்டால் என்று பல ஊர்களில் இது ஓடத் தொடங்கியது. 1953 வரை சென்னையில் ஓடிய டிராமை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தலைக்கு மேலே கம்பி. அதைத் தொட்டுக்கொண்டு வண்டியின் முதுகிலிருந்து ஒரு கோல். மேட்டிலிருந்து இறங்குகிற டிராம் அந்தக் கம்பியில் மின்சாரத்தை ஊற்றும். பள்ளத்திலிருந்து ஏறுகிற டிராம் அதைக் குடித்துக்கொள்ளும். கணக்குப் பிள்ளைகளுக்கு இதைவிட இனிய செய்தி உண்டா?

ஏறுகிற டிராம் அந்த நேரத்தில் இல்லாவிட்டால்? கோல் கம்பியிலிருந்து நழுவிவிட்டால்? கொடுத்ததை வாங்க ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் இழுப்பும் இல்லை. குன்னூர்ச் சாலையில் நாங்கள் கண்டது அதேதான். 1911இல் ராட்டன்ஸ்டாலில் ஒரு பெரிய விபத்து நேர்ந்தது. அதைத் தொடர்ந்து இந்த முறைக்கே தடை விழுந்தது. இருபது வருஷம் கழித்துத்தான் பிரிட்டிஷ் டிராம்களுக்கு அது திரும்பி வந்தது. தடை விதித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாட்டையே உயிருக்குக் காவலாகவும் நம்பினால், காவல்காரன் எந்த வேளையில் தூங்குவான் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்து கதவை மூடிய சில வருஷங்களுக்குள், அமெரிக்காவில் மில்வாக்கி ரோடு ரெயில்வே 1915இல் மான்டானா மலைப் பாதையை மின்சாரமாக்கியது. இறங்குகிற ரெயிலின் மின்சாரத்தை ஏறுகிற ரெயில் வாங்கிக்கொண்டது. ஏறுகிற ரெயில் இல்லாத சமயத்தில், துணை மின்நிலையத்தின் இயந்திரங்கள் அதை வாங்கி மின்சாரக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பின. மெத்தப் பெரிய பாட்டரி என்று அதைச் சொல்லலாம், நிரம்புவதே இல்லை. ஸ்வீடனின் கிருனா சுரங்கத்திலிருந்து நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு இரும்புத் தாது சுமந்து இறங்குகிற ரெயில்கள், வெறும் வண்டிகள் எல்லை வரை திரும்பி ஏறுவதற்குப் போதுமான மின்சாரத்தை உண்டாக்கிவிடுகின்றன. நம் டில்லி மெட்ரோவும் 2004இலிருந்து 2007க்குள் இந்த வழியில் 11.25 கோடி யூனிட் மீட்டது.

காருக்கு மேலே கம்பி கிடையாது. வாங்கிக்கொள்ள வேண்டியது அதன் வயிற்றிலேயே உள்ள பாட்டரி. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த கலப்புக் கார். அதன் பாட்டரி கொள்வது இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. ஒன்றரை டன் கார் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு, அதாவது சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம், இறங்கும்போது விடுகிற சக்தி ஆறு யூனிட். காற்றும் டயரும் மோட்டாரும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகும் மிஞ்சுவதை அந்தச் சின்ன வயிறு தாங்காது.

அதனால்தான் பிரியஸில் 'பி' என்று ஒரு நிலை வைத்தார்கள். பாட்டரியைக் குறிக்கும் எழுத்து என்று எண்ணி, நாள் முழுவதும் அதிலேயே ஓட்டிப் புண்ணியம் சேர்த்தவர்கள் உண்டு. உண்மையில் அது எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமல் சும்மா சுற்றவிட்டு, அதன் மூச்சிரைப்பால் வண்டியை இழுத்துப் பிடிக்கிற வழி. நீண்ட மலை இறக்கத்துக்கு உகந்தது. சமதரையில் மீட்கக்கூடியதை வீணாக்குவது. முழு மின்சாரக் கார்கள் சிலவற்றிலும் அதே 'பி' இருக்கிறது. அங்கே எஞ்சின் ஏது? ஆகவே பொருள் வேறு: மீட்பு பிரேக்கைப் பலமாகப் பிடி என்பது. ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள் வைத்தவர்களை என்ன சொல்வது!

'ஈகோ', 'ஸ்போர்ட்' என்கிற நிலைகள் பெரும்பாலும் காலின் பேச்சை வண்டி எப்படிக் கேட்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகின்றன. ஈகோவில் அரைக் காதால் கேட்கும்; ஸ்போர்ட்டில் சொல்லுமுன் பாயும். நிஸ்ஸான் லீஃப் 2017இல் கொண்டுவந்த ஒற்றை மிதி ஏற்பாட்டில், காலை எடுத்தால் வண்டி முழுதாக நிற்கும்; மீட்பு போதாத இடத்தில் சாதாரண பிரேக்கும் தானே வந்து சேர்ந்துகொள்ளும். ராட்டன்ஸ்டால் டிராமில் அந்தப் புத்திசாலித்தனத்துக்கு வசதி இல்லை. எங்கள் வண்டியிலும் இல்லை. ஒற்றைக் காலுக்குப் பழகிவிட்டவன் இன்னொரு மிதியை மறந்துபோகிறான் என்பதை அந்த லாரியின் பின்பலகையில் படித்தேன்.

போன மாதம் மறுபடியும் குன்னூர் போனோம். மைத்துனன் இந்த முறை எண்பது சதவீதத்திலேயே கம்பியைப் பிடுங்கிவிட்டான். விடுதிக்காரர் மின்சாரம் நின்றுவிட்டதோ என்று பதறிப்போய் வந்து பார்த்தார். மேட்டுப்பாளையத்தில் டீக்கடை வாசலில் நிறுத்தியபோது எதிரே எண்பத்தேழு என்று காட்டியது. கால் பிரேக் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை.