நாற்பது பேர் செத்துப் படித்த பாடம்

பி.காம். படிக்கிறவனுக்கு டிராகனோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் நடுவில் பேரேடும் வரும், எங்கள் தெரு ஏலச்சீட்டும் வரும் :-)

முதலில் என் அவமானக் கதை. ஒரு மாதத்துக்கு முன், ராத்திரி பதினொன்றரை மணி. நாவலூரில் எங்கள் வீட்டு மாடி அறை. ஓ.எம்.ஆரில் கம்பெனி பஸ்கள் ஓடி ஓய்ந்த நேரம். ஒரு ஆன்லைன் விளையாட்டில் (பெயர் வேண்டாம்) முன்பின் தெரியாத நான்கு பேரோடு ஒரு குகைக்குள் போனேன். குகையின் முடிவில் ஒரு பெரிய அரக்கன் இருப்பான். விளையாடுகிறவர்கள் அவனை 'பாஸ்' என்பார்கள். மரியாதைக்கு, "எனக்கு இது முதல் தடவை" என்று டைப் அடித்தேன். "வீடியோ பார்த்தாயா?" என்றார் ஒருவர். "இல்லை" என்றேன். பத்து நொடி கூட ஆகியிருக்காது. எனக்குத் தெரியாமலே ஓட்டெடுப்பு நடந்து, நான் வெளியே.

கோபத்தில் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே யோசித்தபோது ஒரு சந்தேகம் வந்தது. அந்த வீடியோவை எடுத்தவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முதன்முதலாக ஒரு பாஸ் முன்னால் போய் நின்றவர்கள் எந்த வீடியோவைப் பார்த்தார்கள்? அப்புறம் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளையாடாத நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பாஸைச் சும்மா அடித்துக்கொண்டே இருந்தால் சாகமாட்டான். அவனுக்கென்று சில விதிகள் உண்டு. தரை சிவந்தால் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும். ஒருவர் தலைமேல் குறி விழுந்தால் மற்றவர்கள் அவரோடு சேர்ந்து நின்று அடியைப் பங்கு போட வேண்டும். இன்னொரு குறி விழுந்தால் அவரை விட்டு விலக வேண்டும். இவைதான் 'மெக்கானிக்ஸ்'. டேங்க் அடி வாங்குவார், ஹீலர் காயம் ஆற்றுவார், மற்றவர்கள் அடிப்பார்கள். ஒருவர் தப்பு செய்தாலும் எல்லோரும் சாகலாம். அதற்கு 'வைப்' என்று பெயர்.

வரலாற்றுக்கு வருவோம். 1975-ல் அமெரிக்காவில் பிளேட்டோ என்ற கணினி அமைப்பில் மாணவர்கள் எழுதிய 'டிஎன்டி' விளையாட்டில், புதையலைக் காக்கும் ஒரு தங்க டிராகன் இருந்தது. முதல் பாஸ் என்று பலர் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே விளையாடுகிறவன் தனி ஆள். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் செய்த 'மட்' விளையாட்டில்தான் பலர் ஒரே உலகத்துக்குள் நுழைந்தார்கள். கவனித்தீர்களா, இரண்டுமே மாணவர்கள் செய்தவை. நம் வயசுதான்!

முன்பின் தெரியாதவர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பாஸைப் படிக்கும் பழக்கம் பெரிதானது 1999-ல் வந்த எவர்குவெஸ்ட்டில். அதில் செத்தால், சேர்த்த அனுபவப் புள்ளிகள் குறையும். உங்கள் பொருள்கள் உங்கள் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். எடுத்து வர நாலு பேர் தயவு வேண்டும். அதனால் பெயரைக் கெடுத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஒரே சர்வர், அதே முகங்கள். கிராமத்தில் டீக்கடையில் கடன் சொன்னவனை ஊரே தெரிந்து வைத்திருப்பது மாதிரி.

அந்த விளையாட்டில் கெராஃபிர்ம் என்று ஒரு டிராகன். கொல்லவே முடியாது என்று எல்லோரும் நம்பியது. ரல்லோஸ் ஸெக் என்ற சர்வரில், ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு திரிந்த மூன்று போட்டிக் கில்டுகள் 2003 நவம்பரில் ஒன்று சேர்ந்தன. ஏறக்குறைய 200 பேர். செத்தவர்களை எழுப்பி எழுப்பி மணிக்கணக்கில் அடித்தார்கள். டிராகனுக்குக் கால்வாசி உயிர் மீதி இருந்தபோது, நிர்வாகிகள் அதைத் திடீரென்று மறைத்துவிட்டார்கள்! பெரிய கூச்சல். கம்பெனி மன்னிப்புக் கேட்டு மறுபடி வாய்ப்புக் கொடுத்தது. இந்தத் தடவை டிராகன் செத்தது.

இப்போது நம் பாடத்துக்கு வருகிறேன். பாஸ் செத்தால் இரண்டு மூன்று பொருள்கள்தான் கிடைக்கும். வந்திருப்பவர்களோ பல டஜன் பேர். யாருக்குக் கொடுப்பது? 1999-லேயே எவர்குவெஸ்ட்டின் ஆஃப்டர்லைஃப் கில்டில் தாட் என்ற பெயரில் விளையாடியவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெயர் டி.கே.பி., அதாவது டிராகன் கொலைப் புள்ளிகள். சண்டைக்கு வந்தால் புள்ளி வரவு. பொருள் எடுத்தால் பற்று. பொருளுக்கு ஆசைப்படுகிறவர்கள் புள்ளியை வைத்து ஏலம் கேட்கலாம் என்ற முறையும் பிறகு பரவியது.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் தெருவில் அம்மா கட்டும் ஏலச்சீட்டுதான் ஞாபகம் வந்தது. இருபது பேர், மாதாமாதம் பணம், அதிகமாகத் தள்ளிக் கேட்பவருக்குச் சீட்டு. ஆனால் ஒரு வித்தியாசம். சீட்டில் முதல் மாதமே எடுத்தவர், மீதி மாதங்கள் கட்டாமல் ஓடிவிடலாம் என்ற பயம் உண்டு. டி.கே.பி.யில் முதலில் உழைப்பு, அப்புறம்தான் பொருள். ஓட முடியாது. ஆனால் கில்டைக் கலைத்துவிட்டால் சேர்த்த புள்ளி அத்தனையும் காற்றோடு போச்சு. ஓடிப்போன சீட்டுக் கம்பெனி மாதிரிதான். எந்தச் சட்டமும் இல்லாமல், முகம் தெரியாதவர்களுக்கு நடுவில் ஒரு பேரேடு நம்பிக்கையை உண்டாக்கியது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தோற்ற ராத்திரிக்கும் சில கில்டுகள் புள்ளி கொடுத்தன. அதாவது, தோல்விக்கும் வரவு எழுதினார்கள்.

2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. மோல்டன் கோர் என்ற எரிமலைக் குகைக்கு 40 பேர் போகலாம். அதன் கடைசி பாஸ் ரக்னராஸ் முதன்முதலாகச் செத்தது 2005 ஏப்ரலில். ஐந்து மாதம்! 2006-ல் சதூன் என்ற பாஸ் வந்தபோது, உலகின் சிறந்த கில்டுகள் மூன்று மாதத்துக்கு மேல் முட்டி மோதிப் பார்த்தன. கடைசியில் கணக்குப் போட்டு, "இதைக் கொல்வது கணிதப்படியே முடியாது" என்றார்கள். கம்பெனி பாஸின் பலத்தைக் குறைத்ததும், அந்த ஏப்ரலில் நிஹிலம் என்ற கில்டு அதைச் சாய்த்தது. தோற்றவர்கள் போட்ட கணக்கு பொய்யில்லை.

அப்போது நாம் எங்கே இருந்தோம்? நான் கைக்குழந்தை. என் பெரியப்பா மகன்தான் அந்தக் காலத்து ஆள். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. 256 கேபிபிஎஸ். சில திட்டங்களில் ராத்திரி 2 மணி முதல் காலை 8 வரை அளவில்லாமல் பயன்படுத்தலாம். அலாரம் வைத்து எழுந்த தலைமுறை அது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002-லேயே கடலடிக் கேபிள் வந்துவிட்டது. ஆனாலும் அமெரிக்க கில்டுகள் சாயங்காலம் கூடினால் நமக்கு மறுநாள் காலை, காலேஜ் பஸ் பிடிக்கிற நேரம்.

அதே 2000-களின் நடுவில் லெவல் அப் என்ற நிறுவனம் ராக்னராக் ஆன்லைனை இந்தியாவில் நடத்தியது. அண்ணன் பிரவுசிங் சென்டரில் விளையாடியது அதுதான். முன்பின் தெரியாதவன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பானாம். தப்பு செய்தால் டைப் அடிக்க மாட்டான், தலையில் தட்டுவான். ஆனால் பதினைந்து நிமிடம் கழித்து அவனே எப்படி என்று காட்டியும் கொடுப்பானாம்.

பிறகு 2009 டிசம்பர். வார்கிராஃப்ட்டில் 'டஞ்சன் ஃபைண்டர்' வந்தது. பட்டனை அழுத்தினால் மெஷினே பல சர்வர்களிலிருந்து ஐந்து பேரைச் சேர்த்துக் குகை வாசலில் விடும். ரொம்ப வசதி, மறுக்கவில்லை. நண்பர்களே இல்லாத என்னைப் போன்றவனும் விளையாட முடிவது அதனால்தான். ஆனால் அந்த ஐந்து பேரும் மறுபடி சந்திக்கப் போவதில்லை. பெயர் கெடாது, பேரேடும் இல்லை. சொல்லிக் கொடுப்பதால் யாருக்கும் லாபமில்லை, விரட்டினால் நஷ்டமுமில்லை.

இன்னொரு கணக்கு பாருங்கள். 2019 ஆகஸ்டில் பழைய வார்கிராஃப்ட்டை 'கிளாசிக்' என்று மறுபடி வெளியிட்டார்கள். முன்பு ஐந்து மாதம் பிடித்த ரக்னராஸ், இந்தத் தடவை ஒரு வாரத்துக்குள் செத்துப் போனது. காரணம், பதினான்கு வருடமாக ஆயிரக்கணக்கானவர்கள் செத்துச் செத்து எழுதி வைத்த குறிப்புகள். கஷ்டம் முக்கால்வாசி பாஸிடம் இல்லை, தெரியாமையில் இருந்தது. அன்றைக்கு நாற்பது பேருக்கும் ஒன்றும் தெரியாது, அதனால் யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது. இன்றைக்கு நாலு பேருக்குத் தெரியும், ஐந்தாவது ஆளுக்கு மட்டும் தெரியாது. என்னை வெளியே தள்ளியது இந்த வித்தியாசம்தான் என்று இப்போது புரிகிறது.

அப்படியென்றால் கதை அவ்வளவுதானா? இல்லை. 2013-ல் புதுப்பித்து வெளியிட்ட ஃபைனல் ஃபேன்டசி 14-லும் மெஷின்தான் ஆள் சேர்க்கிறது. ஆனால் குழுவில் யாராவது முதல் தடவை வந்திருந்தால், எல்லோருக்கும் கூடுதல் பரிசு. தெரியாதவன் வந்தால் லாபம்! பழைய பேரேட்டின் வேலையை இப்படி வேறு வழியில் செய்கிறார்கள்.

போன வாரம் அதில் டைட்டன் என்ற மலைப்பூதத்திடம் போனேன். ஜப்பான் சர்வர், எட்டுப் பேர். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவர்களுக்கு ஆங்கிலம் அரைகுறை. நேர்க்கோட்டில் வரும் அடியில் சிக்கி மேடையிலிருந்து மூன்று தடவை விழுந்தேன். நாலாவது தடவை ஒருவர் என் பக்கத்தில் வந்து, ஒரு இடத்தில் நின்று குதித்தார். நகர்ந்தார். மறுபடி குதித்தார். இங்கே நில், அப்புறம் இங்கே வா, அவ்வளவுதான். அந்தத் தடவை ஜெயித்தோம். அவர் பெயரைக் கூட நான் குறித்துக்கொள்ளவில்லை.

நேற்று வேறொரு குகையில் ஒரு பையன் "முதல் தடவை" என்று டைப் அடித்தான். என் விரல் அடுத்த வரியை அடிக்கும் முன் கொஞ்சம் நின்றது. காலையில் ஆடிட்டிங் இன்டர்னல் இருந்தது, சீக்கிரம் முடித்தால் தூங்கலாம். இருந்தாலும் பாஸ் முன்னால் போய், சரியான இடத்தில் நின்று குதித்தேன்.

இரண்டு தடவை எல்லோரும் செத்தோம். மூன்றாவது தடவை முடிந்தது. டைட்டன்காரருக்குக் கொடுக்க வேண்டிய கடனை இந்தப் பையன் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். எந்தக் கணக்குப் பாடத்திலும் இப்படி எழுத முடியாது என்று தெரியும் :-)