நடுங்கும் கரங்கள்

1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்குவாதம் பற்றிய தம் சிறுநூலில் ஆறு நோயாளரை விவரித்தார். சிலரை அவர் கண்டது தெருவில்தான். நம் ஓசூரிலோ இந்நோயுற்றோரைக் கோவிலிலும் காண்பது அரிது. பெங்களூரு நிம்ஹான்சில் மருந்து பெற்றுத் திரும்புவோர் உண்டு. ஆனால், பிள்ளைகள் ஆலைப் பணிக்குச் சென்றபின், வெட்கத்தால் வீட்டினுள் ஒடுங்கும் முதியோரைத் தேடிச் செல்பவர் யார்?

1986இல் சென்னைக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், பின்னாளில் இந்நோயுற்றபோது தம் கரநடுக்கத்தை மறைக்கவில்லை. 2005 உயிர்ப்புப் பெருவிழாவன்று, பேச இயலாத நிலையிலும் சாளரத்தருகே தோன்றிச் சிலுவை அடையாளத்தால் ஆசி வழங்கினார்.

மூளையில் டோபமின் குறைவதால் வரும் நோய் இது, பாவத்தின் தண்டனையன்று. எனவே, திருப்பலி முடிந்ததும் அவ்வில்லங்களை நாடுவோம். நடுங்கும் கரங்களைப் பற்றிக்கொள்வோம்.